மனமும் கற்றலும்: மலைத்தோட்டப் பெற்றோருக்கு ஒரு பாடம்



கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களின் லயங்களில் மாலை வேளைகளில் நம் காதில் விழும் பேச்சு ஒன்றுண்டு. பிள்ளையின் பரீட்சைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, "இவனுக்குப் படிப்பு ஏறாது, நமக்கே ஏறாதது இவனுக்கு எங்கே ஏறப்போகிறது?" என்று தகப்பனார் பெருமூச்சு விடுவார். பிள்ளையும் பக்கத்தில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருப்பான். இப்பேச்சில் உண்மை உண்டா? மனோதத்துவ நூலின் துணைகொண்டு இதனை ஆராய்வோம்.

மனோதத்துவம் என்றதும், பிறர் மனத்தில் உள்ளதைக் கண்டு சொல்லும் வித்தை என்று சிலர் நினைக்கின்றனர். அஃது அன்று. மனிதன் எவ்வாறு உணர்கிறான், கற்கிறான், நினைக்கிறான், மறக்கிறான், நடந்துகொள்கிறான் என்பவற்றைச் சோதித்து அறியும் கல்வியே அது. 1879-ஆம் ஆண்டு ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் என்பார் இதற்கென ஒரு சோதனைச் சாலை அமைத்தார். அதுமுதல் இது தனிச் சாஸ்திரமாக வளர்ந்து வருகிறது. இதன் அடிப்படைக் கருத்துகளில் கற்றலைப் பற்றிய நான்கினை மட்டும் இங்கே காண்போம்.

1. முயன்று கற்றல்

இம்மலையில் போ தோட்டம் 1929-இல் தொடங்கப்பட்டது. அந்நாள் முதல் தலைமுறை தலைமுறையாக நம் தாய்மார் கையால் கொழுந்து கிள்ளினர். இப்போது கத்தரியும் இயந்திரமும் பெருகிவிட்டன. வெளிநாட்டுத் தொழிலாளரும் பலர் வந்துள்ளனர். எனினும் கையால் பறித்த பாட்டிமார் இன்னும் நம்மிடையே உள்ளனர். முற்றின இலையை விட்டு, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளுவது எப்படி என்று அவர்களைக் கேட்டுப் பாருங்கள். "அது கைக்குத் தெரியும்" என்பார்கள். முதல் நாளே கைக்குத் தெரிந்ததா? இல்லை. கூடையில் முற்றல் விழுந்தது, ஏச்சு கிடைத்தது, நிறுவையில் எடை குறைந்தது. தவறியது மெல்ல விலகி, பலன் தந்தது விரலில் நிலைத்தது.

அமெரிக்க அறிஞர் எட்வர்ட் தார்ண்டைக் 1898-இல் பூனைகளைப் பெட்டியில் அடைத்துக் கண்டதும் இதுவே. பெட்டியின் கதவைத் திறக்கும் வழியைப் பூனை முதலில் தற்செயலாகத்தான் கண்டது. மீண்டும் மீண்டும் அடைத்தபோது, வீண் அசைவுகள் குறைந்து, விரைவில் வெளியே வந்தது. நற்பலன் தரும் செயல் நிலைக்கும், தராதது தேயும் என்னும் இதனை "விளைவு விதி" என்பர். ஆகவே, "நமக்கு ஏறாது" என்று சொல்லும் குடும்பத்திலேயே, முயன்று கற்ற ஒரு வித்தை இருக்கிறதன்றோ?

2. அச்சமும் கற்றதே

உணவைக் கண்டால் நாய்க்கு உமிழ்நீர் ஊறுவது இயற்கை. உணவு தருமுன் ஓர் ஓசையைப் பலமுறை எழுப்பி வந்தால், பின்னர் அவ்வோசை கேட்ட மாத்திரத்திலேயே உமிழ்நீர் ஊறுகிறது என்று ரஷ்ய அறிஞர் பாவ்லவ் காட்டினார். இஃது ஊறும் உமிழ்நீருக்கு மட்டுமன்று, அச்சத்துக்கும் பொருந்தும். 1920-இல் ஜான் வாட்சன் என்பாரும் அவர் துணைவரும் ஒரு குழந்தையிடம் வெள்ளெலியைக் காட்டும்போதெல்லாம் பேரோசை எழுப்பினர். முன்பு எலியைத் தொட்டு விளையாடிய குழந்தை, பின்னர் அதைக் கண்டாலே அழுதது. இத்தகைய கொடிய சோதனையை இன்று எவரும் செய்ய இடமில்லை. ஆயினும் அதன் படிப்பினை பெரிது. புத்தகம் விரிக்கும்போதெல்லாம் அடியும் ஏச்சும் விழுந்தால், அப்பிள்ளைக்குப் புத்தகமே அந்த வெள்ளெலியாகிவிடும்.

3. மறதியின் கணக்கு

வில்லியம் கேமரன் இம்மலைநாட்டை அளக்க வந்த அதே 1885-ஆம் ஆண்டில், ஜெர்மனியில் ஹெர்மன் எபிங்ஹாஸ் மறதியை அளந்து நூல் வெளியிட்டார். பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, சில காலம் கழித்து மீண்டும் படிக்கையில் எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்று கணக்கிட்டார். ஒரு மணி நேரத்துக்குப் பின் மிச்சம் ஏறத்தாழ 44 சதவீதம்; ஒரு நாளில் 34; ஒரு மாதத்தில் 21. மறதி முதலில் விரைந்தும் பின்னர் மெதுவாகவும் நிகழ்கிறது.

அவர் கண்ட மற்றொன்று: மூன்று நாட்களில் பகிர்ந்து 38 முறை ஓதியது, ஒரே நாளில் 68 முறை ஓதியதற்கு ஈடாக இருந்தது. பரீட்சைக்கு முந்தின இரவு கண்விழித்துப் படித்து மறுவாரம் மறக்கும் பிள்ளை மந்தபுத்தியுடையவன் அல்லன். அவன் படிக்கும் முறைதான் தவறு.

4. இயலாமை உணர்வு

நம் கேள்விக்கு நேரான விடை இங்கேதான் உள்ளது. 1967-இல் செலிக்மன், மையர் என்னும் இருவர் நாய்களுக்கு மின்னதிர்ச்சி தந்து சோதித்தனர். சில நாய்கள் அதைத் தாமே நிறுத்த முடிந்தது; சிலவற்றால் எது செய்தும் நிறுத்த முடியவில்லை. பின்னர் ஒரு தாழ்ந்த தடுப்பைத் தாண்டினால் தப்பலாம் என்ற நிலையில் வைத்தபோது, முதல் வகை நாய்கள் தாண்டின. இரண்டாம் வகையில் பல தாண்ட முயலாமல் படுத்துவிட்டன. இதற்கு "கற்ற இயலாமை" என்று பெயரிட்டனர்.

ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2016-இல் அவர்களே தம் கொள்கையைத் திருத்தினர். நீண்ட துன்பத்தில் உயிர் சோர்ந்து கிடப்பது கற்றதன்று, இயல்பாகவே வருவது. "என்னால் இதை மாற்ற முடியும்" என்பதே கற்க வேண்டிய பாடம் என்றனர்.

தமிழ்ப் பள்ளியில் ஆறாண்டு பயின்ற பிள்ளை, இடைநிலைப் பள்ளியில் பெரும்பாலான பாடங்கள் மலாய் மொழியில் நடக்கக் கண்டு திகைக்கிறான். இரண்டு பரீட்சையில் தவறுகிறான்; வீட்டிலும் "ஏறாது" என்ற சொல்லையே கேட்கிறான். தடுப்பு தாழ்ந்திருந்தும் அவன் தாண்ட முயல்வதில்லை. படுத்துக் கிடப்பதைப் பார்த்து, அவனுக்குக் காலே இல்லை என்று நாம் தீர்ப்புச் சொல்கிறோம்!

நாம் செய்யக்கூடியவை

எல்லாப் பிள்ளைகளின் திறமையும் ஒரே அளவினதன்று. பார்வைக் குறை, செவிக் குறை, எழுத்தைப் பிரித்தறிவதில் இடர் உடைய பிள்ளைகளை ஆசிரியரிடமும் மருத்துவரிடமும் காட்ட வேண்டும். ஏனையோருக்கு மூன்று காரியங்கள் போதும். நாள்தோறும் அரை மணி நேரம், முந்தின பாடத்தை ஒருமுறை திருப்பிவிட்டுப் புதியதைப் படிக்கச் செய்க. புத்தக வேளையில் ஏச்சை விலக்குக. அவனால் முடிக்கக்கூடிய சிறு வேலையை முதலில் தந்து, முடித்ததும் அதைச் சொல்லிப் பாராட்டுக. பத்து மலாய்ச் சொற்கள் போதும்.

எழுத்துக்கலையில் வல்லவனாக விரும்புபவன், வல்லவர் எழுதுவதுபோலத் தானும் இடைவிடாது எழுதிப் பழகினால், தொடக்கத்தில் வருத்தி வந்தது பின்னர் இயல்பாகிவிடும் என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் விளக்கியிருக்கிறார்கள். பாட்டியின் விரல்களும் அதையே சொல்கின்றன.

இன்றிரவு பிள்ளையைப் பாட்டியின் பக்கத்தில் உட்கார வைத்து, அவர் கொழுந்து கிள்ளக் கற்ற முதல் மாதத்துக் கதையைச் சொல்லச் சொல்லுங்கள். "ஏறாது" என்ற சொல்லை நம் லயங்களிலிருந்து அகற்றும் பணிக்கு அதுவே நல்ல தொடக்கமாகும்.