பழைய டி.வி.யை மாற்றலாமா?

கேள்வி: வீட்டில் இன்னும் பழைய டியூப் டி.வி.தான். சினிமா பார்க்க எச்.டி. டி.வி. வாங்கும் செலவு தகுமா?
– வாசகர், மாமல்லபுரம்

பதில்: தாராளமாக வாங்குங்கள். சாதாரண ஒளிபரப்பின் படத்தில் சுமார் 4 லட்சம் புள்ளிகள், ஃபுல் எச்.டி.யில் 20 லட்சத்துக்கும் மேல். 1964-இல் வந்த 'கர்ணன்' டிஜிட்டலில் புதுப்பிக்கப்பட்டு 2012-இல் திரையரங்குக்கு வந்தபோது ஜனம் திரண்டதே! அந்தக் காலப் படச்சுருளில் அத்தனை நுணுக்கம் புதைந்திருக்கிறது. நகைவேலைப்பாடும் நடிகரின் கண்ணோரத் துடிப்பும் டியூப் டி.வி.யில் தெரியவே தெரியாது.

2025 செப்டம்பர் 22 முதல் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டி.வி.க்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமானது. அடக்கவிலை 20,000 என்றால் வரியில் மட்டும் 2,000 ரூபாய் மிச்சம்.

32 அங்குல டி.வி.யில் பெரும்பாலும் 'எச்.டி. ரெடி'தான் கிடைக்கும், அது ஃபுல் எச்.டி. அல்ல. ஆறேழு அடி தள்ளி உட்காருவீர்கள் என்றால் 43 அங்குலம் சரியாக இருக்கும். ஒன்றை மறக்காதீர்கள்: பழைய செட்டாப் பாக்ஸையே மாட்டினால் படம் மங்கலாகத்தான் வரும். எச்.டி. பாக்ஸும் எச்.டி. சேனல் கட்டணமும் தனி. இணையத்தில் பார்த்தால் மணிக்கு 3 ஜி.பி. வரை டேட்டா போகும்.

உங்களுடையது கடலோர ஊர். உப்புக்காற்று மின்பலகையை அரிக்கும். கடலைப் பார்த்த ஜன்னலுக்கு எதிரே டி.வி.யை மாட்டாதீர்கள்.