மன்னர் மாளிகையில் மக்கள் ஓவியம்

திருவில்லிபுத்தூர்க்கு மேற்கே, மலையடிவாரத்தில் அமைந்துள்ளது செண்பகத்தோப்பு. மலையினின்று இழிந்து வரும் ஓடையும், நிழல் தரும் மாந்தோப்புகளும், கிளைக்குக் கிளை தாவும் சாம்பல் நிற மலை அணில்களும் அவ்விடத்திற்கு அணி செய்கின்றன. காட்டழகர் கோயிலுக்குச் செல்வோர் இவ்வழியே செல்வர். விடியற்காலையில் அங்கு நிற்போர் மற்றொரு காட்சியையும் காணலாம். மாங்காய்க் கூடையைத் தலையிற் சுமந்து செல்லும் மகளிர், தேனெடுக்கக் காட்டினுட் புகும் பளியர், மாடுகளை ஓட்டிச் செல்லும் உழவர் ஆகியோரே அக்காட்சி. இவர்தம் முகங்களை எவரேனும் ஓவியமாகத் தீட்டியதுண்டோ? தீட்டினும் அதனைப் போற்றிக் காத்தவர் உண்டோ?

மதுரைப் புதுமண்டபத்தில் நாயக்க மன்னர்தம் உருவங்கள் கல்லில் நிற்கின்றன. கிருஷ்ணாபுரத்துக் கோயில் தூணில் குறத்தி ஒருத்தியும் நிற்கின்றாள். ஆயினும் தெய்வங்களுக்கும் வேந்தர்க்கும் கலையில் கிடைத்த இடத்தை நோக்க, உழைத்துண்ணும் எளியோர்க்குக் கிடைத்தது மிகச் சிறிதே. அவ்விடம் பெரிதாயது அண்மைக் காலத்திலேதான். இவ்வுண்மையைக் கண்கூடாகக் காட்டுவது புதுதில்லியிலுள்ள தேசிய நவீனக் கலைக்கூடம்.

இந்தியா வாயிலுக்கு அருகே, இக்கலைக்கூடம் இருக்கும் கட்டடத்திற்கு ஜெய்ப்பூர் மாளிகை என்பது பெயர். ஜெய்ப்பூர் மன்னர் தலைநகர்க்கு வருங்கால் தங்குதற்கென 1936 ஆம் ஆண்டில் எழுப்பப்பட்டது அது. நடுவே கவிகை மாடமும், இருபுறமும் வண்ணத்துப்பூச்சியின் சிறகுகள் போல் விரிந்த பகுதிகளும் உடையது. நாடு விடுதலை பெற்றபின், 1954 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 29 ஆம் நாள், அம்மாளிகை மக்களுக்குரிய கலைக்கூடமாயிற்று. அப்போது குடியரசுத் துணைத் தலைவராய் இருந்த டாக்டர் இராதாகிருஷ்ணன் அதனைத் திறந்து வைத்தார். தலைமை அமைச்சர் நேருவும் உடனிருந்தார்.

திறப்பு விழாவின்போது சிற்பக் கண்காட்சி ஒன்று நடைபெற்றது. அதில் முதற் பரிசு பெற்ற படைப்பு நம் சென்னையோடு தொடர்புடையது. சென்னை ஓவியப் பள்ளியின் தலைவராய் விளங்கிய தேவி பிரசாத் ராய் சௌதுரி என்பார் வடித்த 'உழைப்பின் வெற்றி' என்பதே அது. நால்வர் தம் ஆற்றல் முழுவதையும் செலுத்திப் பெரும் பாறை ஒன்றைப் பெயர்க்கின்றனர். தசைநார்கள் முறுக்கேறி நிற்கின்றன. முகம் தெளிவாகத் தெரியாவிடினும் உடலே பேசுகின்றது. சென்னைக் கடற்கரையில் 1959 ஆம் ஆண்டு முதல் நிற்கும் உழைப்பாளர் சிலை இதுவே. மன்னர் மாளிகை மக்கட்கு உரிமையான நாளில் பரிசு பெற்றவர் கல் பெயர்க்கும் தொழிலாளர் என்பது எண்ணி மகிழத்தக்கதன்றோ?

இக்கூடத்தின் மற்றொரு செல்வம் அரிபுரா ஓவியங்கள். 1938 ஆம் ஆண்டில் குஜராத்திலுள்ள அரிபுரா என்னும் சிற்றூரில் காங்கிரசு மாநாடு கூடிற்று. வழியே செல்லும் நாட்டுப்புற மக்களும் கண்டு களிக்குமாறு அவ்விடத்தை அழகு செய்தல் வேண்டும் என்று காந்தியடிகள் விரும்பினார். சாந்திநிகேதனத்து ஓவியர் நந்தலால் போஸ் அப்பணியை மேற்கொண்டார். கையாற் செய்த தாளில், மண்ணினின்று எடுத்த வண்ணங்களைக் கொண்டு, எண்பதுக்கு மேற்பட்ட ஓவியங்களை அவர் தாமே வரைந்தார். தச்சர், செருப்புத் தைப்போர், முழவு கொட்டுவோர், நூல் நூற்கும் மகளிர், வேட்டுவர் முதலியோரே அவற்றின் தலைமக்கள். சில நாள் விழாவிற்கென வரைந்தவை அவை. விழா முடிந்ததும் மழையிலும் மண்ணிலும் அழிந்திருத்தல் கூடும். அங்ஙனம் அழியாது அவற்றுட் பெரும்பாலானவை இக்கூடத்தில் இன்றும் உள்ளன.

அம்ரிதா ஷெர்கில் என்னும் அம்மையாரின் ஓவியங்களும் இங்கு ஏறத்தாழ நூறு உள்ளன. தந்தையார் சீக்கியர், தாயார் அங்கேரி நாட்டவர். புடாபெசுட்டு நகரில் 1913 ஆம் ஆண்டில் பிறந்த அம்ரிதா, பாரிசு நகரில் ஓவியம் பயின்று, 1934 ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியா திரும்பினார். பின்னர் அஜந்தா ஓவியங்களைக் கண்டு வியந்தார். தென்னாட்டிற்கும் வந்து கன்னியாகுமரி வரை சென்றார். அச்செலவின் பயனாக 1937 ஆம் ஆண்டில் மூன்று பேரோவியங்கள் தோன்றின. சந்தைக்குச் செல்லும் தென்னாட்டுச் சிற்றூர் மக்களை ஒன்றில் வரைந்தார். 'பிரமசாரிகள்', 'மணமகள் ஒப்பனை' என்னும் ஏனைய இரண்டும் இக்கூடத்தில் உள்ளன. 1941 ஆம் ஆண்டில், தம் இருபத்தெட்டாம் வயதில், அம்ரிதா இறந்தார். அவர் ஓவியங்கள் நாட்டின் கலைச் செல்வம் என அரசினரால் அறிவிக்கப்பட்டுள்ளன; ஆதலின் இந்நாட்டில் உள்ளவற்றை வெளிநாட்டிற்கு ஏற்றுமதி செய்தல் இயலாது.

இவ்வோவியங்களை முதன்முறை காண்போர், "உருவங்கள் உள்ளவாறு அமையவில்லையே!" என்பர். மரபு வழிக் கல்வி பயின்ற என்போன்றார்க்கும் அவ்வையம் எழுந்ததுண்டு. அவ்வையத்தைத் தீர்க்கத் தொல்காப்பியம் துணை புரிகின்றது. உள்ளத்து உணர்ச்சி உடலின்வழிப் புலப்படுதலை மெய்ப்பாடு என்று கூறி, அதனை எட்டாக வகுத்தது அந்நூல். ஓவியர் நாடுவதும் அதுவே. 'பிரமசாரிகள்' ஓவியத்தில் வெள்ளாடை உடுத்து அமர்ந்துள்ள இளைஞர்தம் அமைதியை நோக்குமின்! மூக்கையும் விழியையும் அளந்து பார்ப்பதை விடுத்துச் சிறிது நேரம் பொறுமையுடன் நின்றால், அவ்வமைதி நம்மையும் வந்து பற்றும்.

இன்று இக்கூடம் காக்கும் படைப்புகள் 17,000-க்கு மேற்பட்டவை. தஞ்சாவூர் ஓவியங்களும், இரவிவர்மா, இரவீந்திரநாத தாகூர், ஜாமினி ராய் முதலியோர் படைப்புகளும் அவற்றுள் அடங்கும். மும்பையிலும் பெங்களூரிலும் கிளைகள் உள்ளன. ஓவியம் மிக மெல்லிய பொருள். ஈரம் பட்டால் பூசணம் பிடிக்கும்; வெயில் பட்டால் வண்ணம் மங்கும்; தாளைப் பூச்சி அரிக்கும். ஏட்டுச் சுவடிகளைக் கறையானுக்கு இரையாக்கி நாம் இழந்த நூல்கள் எத்தனை! காப்பார் இலரேல் ஓவியத்திற்கும் அந்நிலையே நேரும். ஆதலின் கலையைப் படைத்தலோடு ஒத்த பெருமை உடையது அதனைக் காத்தலும்.

மாணவர்களே! செண்பகத்தோப்பு வழியே கூடை சுமந்து செல்லும் முதியவளை நாளை நீவிர் காணின், சற்றே நின்று நோக்குமின். அத்தகையோரை வரைதற்கென்றே ஓர் இளம்பெண் பாரிசினின்று திரும்பித் தென்குமரி வரை வந்தாள். அத்தகையோர்தம் உருவங்களுக்கு ஒரு மன்னர் மாளிகை இடமளித்துள்ளது. கையில் எழுதுகோலும் ஒரு தாளும் உண்டாயின், அவள் முகத்தை வரைய முயலுமின். வரைந்ததை எறிந்துவிடாது காத்து வைம்மின்.