வாங்குவோரின் அறம்: காளத்தித் துணி கற்பிக்கும் பாடம்

ரேணிகுண்டா சந்திப்பிலிருந்து கூடூர் செல்லும் இருப்புப்பாதையில் ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது ஸ்ரீகாளஹஸ்தி. தமிழர் திருக்காளத்தி என்று போற்றும் அத்தலத்திற்குச் செல்வோர் பலர், கலம்காரித் துணி ஒன்றையும் வாங்கித் திரும்புவர். சில ஆண்டுகளுக்கு முன் நானும் ஒரு கடையில் என் மனைவிக்காகக் கலம்காரிப் புடவை வாங்கினேன். கையால் வரைந்தது என்றார் கடைக்காரர். விலையோ மிகக் குறைவு. ரசீது கேளாமலே பணத்தைக் கொடுத்தேன்.

பின்னர் எங்கள் கிளைக்கு வந்த கலம்காரிக் கலைஞர் ஒருவரிடம் அப்புடவையின் படத்தைக் காட்டினேன். அவர் அதிலிருந்த இரு மயில்களைச் சுட்டி, "ஐயா, இவ்விரண்டும் இம்மியும் மாறாமல் ஒன்றுபோல் உள்ளன. மனிதக் கை இவ்வாறு வரையாது, இது அச்சு" என்றார்.

கடைக்காரர் என்னை ஏமாற்றினார் என்பது பாதி உண்மையே. இவ்வளவு குறைந்த விலைக்குக் கைவேலை கிடைக்குமா என்ற ஐயம் எனக்கு அன்றே எழுந்தது. மலிவான பொருளை இழக்க மனமில்லாமல் நான் கேளாதிருந்தேன் என்பது மறு பாதி.

விலையுள் அடங்கியவை

கலம் என்பது எழுதுகோல், காரி என்பது வேலை. இரண்டும் பாரசீக வழி வந்த சொற்கள். ஸ்ரீகாளஹஸ்தி மரபில் பருத்தித் துணியைக் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் தோய்த்து உலர்த்துவர். பாலின் கொழுப்பு, சாயம் பரவாமல் தடுக்கிறது. இரும்புத் துண்டுகளையும் வெல்லத்தையும் நீரிலிட்டுப் பல நாள் புளிக்க வைத்த கரைசலை மூங்கில் எழுதுகோலால் தொட்டுக் கோடு வரைவர். அது கடுக்காயின் துவர்ப்புடன் சேர்ந்து கருமையாகிறது. செந்நிறம் பிடிப்பதற்குப் படிகாரம் இடுவர். இடையிடையே பலமுறை அலசலும் உலர்த்தலும் உண்டு.

வணிகவியலில் அடக்கவிலை என்று கற்கிறோம்: மூலப்பொருள், கூலி, பிற செலவுகள். விற்பனை விலை அதற்கும் கீழிருந்தால், அந்தக் குறையை வேறு யாரோ ஈடுசெய்கின்றனர். இங்கே அவர், அச்சுத் துணியின் விலையோடு போட்டியிட வேண்டிய கலைஞரே. வங்கி அவருக்குக் கடன் வழங்கலாம். வாங்குவோரை வழங்க இயலாது. துணிக்கு உரிய விலை கிடைத்தாலன்றி அவர் தவணை செலுத்துவது எங்ஙனம்?

அச்சிடுதல் குற்றமன்று. மசூலிப்பட்டினத்தில் மர அச்சால் உருவாக்கும் கலம்காரியும் நெடிய மரபுடையது. எல்லோராலும் கைவேலை வாங்க இயலாது. அச்சுத் துணியை அச்சென்று அறிந்தே வாங்குவதில் இழுக்கில்லை. அச்சைக் கைவேலை என்று விற்பதே தவறு; ஐயமிருந்தும் கேளாமல் வாங்குவது அத்தவறுக்குத் துணை போவதாகும்.

சட்டத்தின் துணை

ஸ்ரீகாளஹஸ்தி கலம்காரி புவிசார் குறியீடு பெற்றது. அப்பெயரைப் பிற பொருளுக்குச் சூட்டி வாங்குவோரை மயக்குதல் 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமோ, பொருளின் தரத்தை அறியும் உரிமையை நமக்கு அளிக்கிறது. பொய்யான தகவல் கூறி விற்பதும் ரசீது தர மறுப்பதும் அச்சட்டப்படி நேர்மையற்ற வணிக நடைமுறைகளே. 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழைக்கலாம்.

நாம் செய்யத்தக்கவை

1. கையால் வரைந்ததா, அச்சா என்று வெளிப்படையாகக் கேளுங்கள். விடையை ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

2. ஒரே உருவம் திரும்ப வருமிடங்களை ஒப்பிடுங்கள். கைக்கோட்டில் சிறு வேறுபாடு இருக்கும்.

3. கைவேலை வாங்கும்போது கூலியைக் குறைக்கும் அளவிற்குப் பேரம் பேசாதீர்கள். பெரிய துணிக்கு வசதி இல்லையெனில் சிறியதொன்றை உரிய விலைக்கு வாங்குங்கள்.

4. இயன்றபோது கலைஞரிடமோ கூட்டுறவு, அரசு விற்பனை நிலையங்களிலோ வாங்குங்கள்.

இவை துணிக்கு மட்டும் உரியவை அல்ல. செக்கெண்ணெய், தேன், பட்டு என எதை வாங்கினும் இவற்றின் சாரம் பொருந்தும்.

அந்த அச்சுப் புடவையை என் மனைவி இன்றும் உடுத்துகிறார். புடவை நன்றாகவே உள்ளது. யாரேனும் கேட்டால், அச்சுப் புடவை என்றே சொல்கிறோம்.