ரிசீவரை விற்கும் முன்: தனி ஆம்ப், தனி ப்ராசஸர் உங்களுக்குத் தேவையா?

ஹோம் தியேட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கட்டத்தில் இந்த ஆசை வந்தே தீரும். ரிசீவரைக் கொடுத்துவிட்டு, ஒலியைச் சேனல்களாகப் பிரிக்கும் ப்ராசஸர் தனி, ஸ்பீக்கரை ஓட்டும் பவர் ஆம்ப் தனி என்று போய்விடலாமா? சிலருக்கு அது சரியான முடிவு. ஆனால் பலர் லட்சங்களைச் செலவழித்த பிறகும், "சத்தம் கூடியிருக்கு, வசனம்தான் இன்னும் புரியல" என்கிறார்கள். குறை எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் பெட்டியை மாற்றியதன் விளைவு அது. கீழே உள்ள வரிசையில் போனால் அந்தப் பணம் தப்பும்.

1. குறையை ஒரே வரியில் எழுதுங்கள்

"இன்னும் நல்லா இருக்கணும்" என்பது குறை ஆகாது. வசனம் தெளிவாக இல்லையா? சென்டர் ஸ்பீக்கரைப் பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் அது டிவி ஸ்டாண்டின் தட்டில் உள்ளே தள்ளி, நம் முழங்காலைப் பார்த்தபடி கிடக்கும். விளிம்புவரை இழுத்து, முன்பக்கத்தைச் சற்றுத் தூக்கி, ட்வீட்டர் காதைப் பார்க்கும்படி வையுங்கள். பாஸ் குமுறுகிறதா? சப்வூஃபரின் இடத்தை மாற்றுங்கள். காதைக் கிழிக்கிறதா? டைல்ஸ் தரை, வெறும் சுவர், கண்ணாடிக் கதவு ஆகியவற்றைச் சந்தேகப்படுங்கள். இந்த மூன்று குறையும் சத்தத்தைக் குறைத்தாலும் அப்படியே இருந்தால் அதில் ஆம்புக்குப் பங்கில்லை.

ஆம்ப் திணறுவதற்கு அடையாளம் வேறு. சாதாரண சத்தத்தில் எல்லாம் நன்றாக இருக்கும். பெரிய சண்டைக் காட்சியில் மட்டும் ஒலி தட்டையாகும், கரகரக்கும், அல்லது ரிசீவர் தானே அணைந்துபோகும்.

2. காசில்லாமல் சரியாவதை முதலில் செய்யுங்கள்

மின்சாரத்தை மிச்சப்படுத்தும் எக்கோ மோட் இருந்தால் அணையுங்கள். மூடிய அலமாரியில் ரிசீவர் இருந்தால் வெளியே எடுங்கள். எல்லா ஸ்பீக்கர்களையும் 'ஸ்மால்' என்று வைத்து கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் நிறுத்துங்கள். டவர் ஸ்பீக்கருக்கு 'ஸ்மால்' என்று போடுவதைப் பலர் கௌரவக் குறைவாக நினைக்கிறார்கள். மின்சாரத்தை அதிகம் விழுங்கும் அடிமட்ட பாஸை, சொந்த ஆம்ப் உள்ள சப்பிடம் ஒப்படைக்கிறீர்கள், அவ்வளவுதான். பிறகு ரிசீவரின் மைக்கை வைத்துச் செய்யும் காலிப்ரேஷனை மீண்டும் ஓட்டுங்கள். பாதிப் பேருக்குத் தேடல் இங்கேயே முடிந்துவிட வேண்டும்.

3. வாட் கணக்கைப் போடுங்கள்

பெட்டியில் 105 வாட் என்று அச்சிட்டிருந்தால் அது பெரும்பாலும் இரண்டு சேனல் மட்டும் ஓடும்போது எடுத்த அளவு. எல்லா சேனலும் ஒரே டிரான்ஸ்ஃபார்மரிலிருந்துதான் இழுக்கின்றன. ஏழு சேனல் சேர்ந்து இழுத்தால் ஆளுக்குக் கிடைப்பது கணிசமாகக் குறையும். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, உங்களுக்கு உண்மையில் எத்தனை வாட் வேண்டும் என்பதே.

காலிப்ரேஷன் முடிந்த ரிசீவரில் வால்யூம் 0 டெசிபல் என்பது சினிமா அரங்கின் அளவு. சப் தவிர்த்த ஒவ்வொரு சேனலிலும் உச்சம் 105 டெசிபல் வரை போகும். டெனான், மரான்ட்ஸ் ரிசீவரில் 0 முதல் 98 வரையான எண் தெரிந்தால் 80தான் அந்த 0. 65 என்று தெரிந்தால் நீங்கள் கேட்பது மைனஸ் 15.

ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டி 87 டெசிபல், நாற்காலி 3 மீட்டர் தள்ளி, 8 ஓம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டரில் 87 வருவது, உங்கள் இடத்தில் ஏறக்குறைய 77.5 ஆகிவிடும். அங்கிருந்து உச்சத்தை எட்ட ஒரு ஸ்பீக்கருக்குத் தேவைப்படுவது:

- மைனஸ் 15இல் கேட்டால் சுமார் 18 வாட்
- மைனஸ் 10இல் சுமார் 56 வாட்
- மைனஸ் 5இல் சுமார் 180 வாட்
- 0இல் சுமார் 560 வாட்

அறையின் எதிரொலியும் கைகொடுப்பதால் உண்மைத் தேவை இதைவிடச் சற்றுக் குறையும். எப்படியும் 3 டெசிபல் கூட வேண்டுமென்றால் வாட் இரண்டு மடங்காக வேண்டும். 100 வாட்டிலிருந்து 140க்குப் போவதில் ஒன்றரை டெசிபல்கூடக் கிடைக்காது. அதே 3 டெசிபலை, 87க்குப் பதில் 90 டெசிபல் ஸ்பீக்கர் வாங்கியும் பெறலாம். பெரும்பாலான குடும்பங்கள் மைனஸ் 20க்கும் மைனஸ் 12க்கும் இடையில்தான் படம் பார்க்கின்றன. அந்த அளவில் ஆம்ப் மாற்றுவதைத் தள்ளிப்போடுங்கள். ஸ்பீக்கர் 4 ஓம் என்றாலோ, அறை பெரிது, கேட்பதும் மைனஸ் 5க்கு மேல் என்றாலோ அடுத்த படிக்கு வாருங்கள்.

4. ஆம்பை இரவல் வாங்கி, அளவு சமன் செய்து கேளுங்கள்

பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். முதலில் ரிசீவரின் பின்னால் முன்பக்க மூன்று சேனலுக்கும் ப்ரீ-அவுட் (வெளி ஆம்புக்கு ஒலியை அனுப்பும் துளை) இருக்கிறதா என்று பாருங்கள். டெனான் ஏவிஆர்-எக்ஸ்3800எச் போன்றவற்றில் எல்லா சேனலுக்கும் உண்டு. விலை குறைந்த மாடல்கள் பலவற்றில் சப்புக்கு மட்டுமே இருக்கும். மூன்றுக்கும் இருந்தால் கடையிலோ நண்பரிடமோ மூன்று சேனல் பவர் ஆம்ப் ஒன்றை ஒரு வாரத்துக்கு வாங்கி இடது, சென்டர், வலது மூன்றையும் அதில் ஓட்டுங்கள். தர மறுக்கும் கடையில் இந்த விலைக்குப் பொருள் வாங்காதீர்கள்.

ஆம்பை மாட்டியதும், "ஆகா, எவ்வளவு கம்பீரம்!" என்று தோன்றும். நம்பாதீர்கள். ஆம்புக்கு ஆம்ப் கெயின், அதாவது ஒலியைப் பெருக்கும் அளவு, மாறும். ஒன்று 26 டெசிபல், ஒன்று 29, இன்னொன்று 32. அதே வால்யூம் எண்ணில் புது ஆம்ப் 3 டெசிபல் கூடுதலாக ஒலித்தால், அது வெறும் சத்தமாக அல்ல, தரமாகவும் தோன்றும். காதின் இயல்பு அப்படி. விற்பனை அறைகள் இந்த இயல்பில்தான் பிழைக்கின்றன.

சமன் செய்ய, ஏசி வோல்ட் காட்டும் சாதாரண மல்டிமீட்டர் போதும்:

- 400 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றை ரிசீவர் வழியாக ஓட்டுங்கள். 60 ஹெர்ட்ஸ் எடுக்காதீர்கள். கிராஸ்ஓவர் அதைச் சப்புக்கு அனுப்பிவிடும்.
- ரிசீவரின் சொந்த ஆம்பில் ஸ்பீக்கர் ஓடும்போது அதன் பிளஸ், மைனஸ் முனைகளுக்கு இடையே அளந்து, மீட்டர் 2.00 வோல்ட் காட்டும்வரை வால்யூமை ஏற்றுங்கள். சத்தம் அதிகம் என்றால் 1.00 போதும். இரண்டு ஊசியும் ஒன்றையொன்று தொடவே கூடாது.
- எல்லாவற்றையும் அணைத்து, வயரைப் பவர் ஆம்புக்கு மாற்றி, அதே வால்யூமில் மீண்டும் அளந்து பாருங்கள். 2.80 காட்டினால் ஆம்ப் ஏறக்குறைய 3 டெசிபல் கூட ஒலிக்கிறது என்று பொருள்.
- ஆம்பில் கெயின் திருகு இருந்தால் அதாலும், இல்லையென்றால் ரிசீவரின் சேனல் லெவலாலும் 2.00க்கு மிக அருகில் கொண்டுவாருங்கள். மூன்று சேனலுக்கும் தனித்தனியாகச் செய்யுங்கள்.

இதன்பின் நன்றாகத் தெரிந்த ஒரு நிமிடக் காட்சியை, நீங்கள் வழக்கமாகக் கேட்பதிலேயே பெரிய சத்தத்தில் கேளுங்கள். வயரை வீட்டில் வேறொருவர் மாற்றட்டும். எது ஓடுகிறது என்று சொல்ல வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். இப்படிப் பத்து முறை கேட்டு, எது ஓடியது என்ற உங்கள் யூகத்தை ஒவ்வொரு முறையும் எழுதிவையுங்கள். பத்தில் ஐந்தாறு முறைதான் சரியாகச் சொன்னீர்கள் என்றால் அது குருட்டு யூகம். ஒன்பது முறை பிடித்தீர்கள் என்றால் வாங்குங்கள், தயங்காதீர்கள்.

5. ப்ராசஸரைத் தனிக் கேள்வியாகக் கேளுங்கள்

ஆம்ப் தேவை என்பதால் ப்ராசஸரும் தேவை என்று ஆகாது. உங்கள் ரிசீவரே ப்ராசஸராக வேலை செய்யும். ப்ரீஆம்ப் மோட் இருந்தால் உள் ஆம்பை முழுக்க ஒதுக்கியும் வைக்கலாம். தனி ப்ராசஸர் நியாயமாவது சில காரணங்களுக்குத்தான். ரிசீவர் தரும் சேனல் போதவில்லை (மரான்ட்ஸ் ஏவி 10இல் 15 சேனல், நான்கு சப் வரை உண்டு), ஆம்புகளைத் தூரத்தில் வைப்பதால் எக்ஸ்எல்ஆர் கேபிள் வேண்டும், அல்லது உங்களுக்கு வேண்டிய ரூம் கரெக்ஷன் ரிசீவரில் கிடைக்கவில்லை.

சீக்கிரம் பழசாவதும் ப்ராசஸர் பக்கம்தான். வீட்டுக்கு டால்பி அட்மாஸ் வந்தது 2014இல்; எச்டிஎம்ஐ 2.1 வெளியானது 2017இல். இரண்டு முறையும் பழைய பெட்டிகள் பின்தங்கின. நல்ல பவர் ஆம்புக்கோ இவை எதுவும் பொருட்டில்லை. அதனால் இந்த இரண்டில் பணத்தை முதலில் ஆம்பில் போடுங்கள். ப்ராசஸருக்கு அவசரமே இல்லை.

6. பில்லில் வராத செலவுகள்

பெரிய ஆம்புக்கு 16 ஆம்பியர் சாக்கெட், ஒழுங்கான எர்த், காற்றோட்டமுள்ள ரேக் மூன்றும் வேண்டும். எல்லாவற்றையும் ஒரே இடத்து மின்சாரத்தில் மாட்டுங்கள். மாட்டியதும் 'ம்ம்' என்ற ஹம் கேட்டால் முதலில் செட்டாப் பாக்ஸின் கேபிள் டிவி வயரைப் பிடுங்கிப் பாருங்கள். பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும். ஆம்பின் எர்த் முனையை மட்டும் ஒருபோதும் வெட்டாதீர்கள், அது உயிர் விஷயம். வாரன்டி இல்லாத இறக்குமதிப் பெட்டியை மலிவு என்று வாங்காதீர்கள்.

செலவின் வரிசை

கையில் பணம் இருந்தால் என் வரிசை இது: கம்பளமும் கனமான திரைச்சீலையும், இரண்டாவது சப், நல்ல சென்டர் ஸ்பீக்கர், மூன்று சேனல் ஆம்ப், கடைசியில் ப்ராசஸர். ஒவ்வொரு படிக்குப் பிறகும் ஒரு மாதம் படம் பாருங்கள். முதலில் எழுதிய அந்த ஒரு வரிக் குறை தீர்ந்துவிட்டதென்றால், மிச்சப் பட்டியலை வாங்க வேண்டிய அவசியமே இல்லை.