செட்டிக்கரையில் பாடம் எடுக்கும் தம்பிக்கு



தர்மபுரி மாவட்டம் செட்டிக்கரை அரசு பொறியியல் கல்லூரியில் மின்னியல் வகுப்பு எடுக்கத் தொடங்கிவிட்டாய் என்று அறிந்து மகிழ்ந்தேன். எந்த ஆசிரியர் மேம்பாட்டுப் பயிற்சியில் (எஃப்.டி.பி.) சேர்ந்தால் பதவி உயர்வுக்கு உதவும் என்று கேட்டிருக்கிறாய். சரியான கேள்விதான். புதிதாகச் சேரும் ஆசிரியர்களுக்கென்று அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழு (ஏ.ஐ.சி.டி.இ.) வைத்திருக்கும் எட்டுப் பகுதிப் பயிற்சியை முதலில் முடி. தரமணியில் 1964 முதல் இருக்கும் தொழில்நுட்ப ஆசிரியர் பயிற்சி நிறுவனம் அதை ஸ்வயம் இணையதளம் வழியாக நடத்துகிறது. பாடம் திட்டமிடுவது, மாணவரை மதிப்பிடுவது என்ற இரண்டு பகுதிகளையும் ஊன்றிப் படி.

இணையவழிப் பயிற்சியில் கேமராவை அணைத்துவிட்டுக் கடைசி நாள் வினாத்தாளை மட்டும் நிரப்பிச் சான்றிதழ் வாங்கும் பழக்கம் மட்டும் உனக்கு வேண்டாம். 2021-ல் பொறியியல் சேர்க்கையில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத இடஒதுக்கீடு வந்தது. பென்னாகரம், அரூர் பக்கமிருந்து வீட்டின் முதல் பட்டதாரியாகப் போகிறவர்கள் உன் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். புரியவில்லை என்றாலும் வாய் திறந்து கேட்கமாட்டார்கள். நீதான் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு ஒரு வழி சொல்கிறேன்.

ஹார்வர்டில் இயற்பியல் நடத்திய எரிக் மசூர், கடினமான கணக்கைப் போட்டுவிடும் மாணவர்களே அடிப்படைக் கேள்வியில் தடுமாறுவதைப் பார்த்து, 1991-ல் தன் வகுப்பு முறையையே மாற்றினார். மாணவர்களையே ஒருவரோடு ஒருவர் வாதாட வைக்கும் அவர் முறையை நீயும் செய்து பார். ஒரே மாதிரியான மூன்று டார்ச் பல்புகளைத் தொடர் இணைப்பில் பேட்டரியோடு மாட்டு. ஒரு பல்பின் இரண்டு முனைகளையும் ஒயரால் இணைத்தால் மற்ற இரண்டும் என்னாகும் என்று கேள். விடையைச் சொல்லிவிடாதே. தனித்தனியாக நோட்டில் எழுதட்டும். பிறகு பக்கத்தில் இருப்பவரோடு தமிழிலேயே வாதாடட்டும். மங்கும் என்பான் ஒருவன். இன்னும் பிரகாசமாக எரியும் என்பாள் இன்னொருத்தி. ஏன் என்று அவள் விளக்கும்போது குறுக்கே பேசாமல் நில். மறுபடி கை தூக்கச் சொல்லிவிட்டு, கடைசியில் ஒயரை இணைத்துக் காட்டு. எந்த இடத்தில் வகுப்பு தடுக்கியது என்று அன்றைக்கே குறித்து வை. பயிற்சியில் கேட்டது எதுவும் இப்படி வகுப்புக்குள் வராவிட்டால் பயனில்லை.

மூத்த ஆசிரியர் ஒருவரிடம் அனுமதி கேட்டு அவர் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார். உன் வகுப்புக்கும் அவரைக் கூப்பிடு. இதற்குச் சான்றிதழ் கிடையாது. ஆனால் நான் அறிந்த நல்ல ஆசிரியர்கள் இப்படித்தான் தேறினார்கள். முனைவர் பட்டத்துக்கு அவசரப்படாதே. ஆசிரியர்களின் மேற்படிப்புக்காக 1970-ல் தொடங்கிய க்யூ.ஐ.பி. எனும் தர மேம்பாட்டுத் திட்டத்தைப் பற்றி உன் துறைத் தலைவரிடம் விசாரித்து வை.

கோடை விடுமுறையில் ஓசூர் போ. 2004 வரை நம் மாவட்டத்தில் இருந்த ஊர்தானே, தூரமில்லை. ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் சில நாள் நின்று, எந்த மோட்டார் எதனால் எரிந்தது என்று அங்குள்ளவர்களிடம் கேட்டு எழுதிக்கொள். அடுத்த பருவத்தில் அதையே பிள்ளைகளிடம் கேள்வியாகக் கேள்.

அன்புடன்,
உன் ஆசிரியர்