பொறுங்கள், அளந்துகொண்டே பொறுங்கள்

கல்யாணப் பந்தியில் பத்தாம் வகுப்புப் பையனைப் பார்த்ததும் யாராவது ஒரு அத்தை கேட்டுவிடுவார்: “என்னடா, இன்னும் ஏழாவது படிக்கிற பொடியன் மாதிரியே இருக்கே? தம்பி உன்னைத் தாண்டிட்டானே!” பையன் இலையைப் பார்த்துச் சிரித்துவைப்பான். அடுத்த விசேஷத்துக்குக் கூப்பிட்டால் ‘பரீட்சை இருக்கு’ என்று வீட்டிலேயே தங்கிவிடுவான். பெண் பிள்ளை பெரியவளானால் ஊரைக் கூட்டிச் சடங்கு செய்கிறோம். ஆண் பிள்ளையின் பருவம் எப்போது, எப்படித் தொடங்குகிறது என்பதோ பெற்றவர்களுக்கே தெரிவதில்லை. தெரியாத இடத்தில்தான் தப்பான நம்பிக்கைகள் குடியேறும்.

நம்பிக்கை 1: மீசை அரும்பவில்லை, குரல் உடையவில்லை, அப்படியென்றால் பருவமே தொடங்கவில்லை.

உண்மை: மகரக்கட்டு உடைவதும் மீசை முளைப்பதும் பாதி வழி கடந்த பிறகு வருபவை. ஆண் பிள்ளையின் முதல் அடையாளம் விரைகள் பெரிதாவது. 9 வயதுக்கும் 14 வயதுக்கும் இடையில் இது எப்போது தொடங்கினாலும் இயல்புதான். இதை அளக்க மருத்துவர்களிடம் ஒரு மணிக்கோவை உண்டு. 1 மில்லி முதல் 25 மில்லி வரை சிறிதும் பெரிதுமாகக் கோத்த மணிகள். 4 மில்லி மணியின் அளவை எட்டிவிட்டால் பருவம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். நெடுநெடுவென்று வளரும் கட்டம் அதற்கும் பிறகுதான். 14 முடிந்தும் இந்த முதல் அடையாளம் இல்லையென்றால் மட்டுமே மருத்துவம் அதைத் தாமதம் என்கிறது.

நம்பிக்கை 2: இப்போது வளராதவன் கடைசிவரை குட்டையாகவே நின்றுவிடுவான்.

உண்மை: தாமதமாகப் பருவமடையும் பையன்களில் பெரும்பாலோருக்கு அது குடும்பவாகு. அப்பாவையோ தாய்மாமனையோ கேட்டுப் பாருங்கள். “நானும் காலேஜ் போனப்புறம்தான் வளர்ந்தேன்” என்று யாராவது சொல்லக்கூடும். இடது கை, மணிக்கட்டு எக்ஸ்ரே எடுத்தால் எலும்பின் வயது தெரியும். 15 வயதுப் பையனின் எலும்பு 12 வயதைக் காட்டினால், அவனுக்கு வளர இன்னும் காலம் மிச்சமிருக்கிறது. வீட்டுக் கணக்கு ஒன்றும் உண்டு: பெற்றோர் உயரங்களைக் கூட்டி, 13 சேர்த்து, பாதியாக்குங்கள். அப்பா 168 செ.மீ., அம்மா 155 செ.மீ. என்றால் மகனுக்கு 168 வரும். சுமார் 8 செ.மீ. கூடலாம், குறையலாம்.

நம்பிக்கை 3: சத்துப் பவுடர், உயர மாத்திரை, கம்பியில் தொங்குவது எல்லாம் ஆளை உயர்த்திவிடும்.

உண்மை: எலும்பின் முனையிலுள்ள வளர்ச்சித் தட்டுகளில்தான் உயரம் கூடுகிறது, தொங்கினால் தட்டு வளராது. 1945ஆம் ஆண்டு இந்திய மருந்து விதிகளின் ‘ஜே’ அட்டவணை, எந்த மருந்தும் தீர்ப்பதாகச் சொல்லிக்கொள்ளக் கூடாதவற்றைப் பட்டியலிடுகிறது. உயரத்தைக் கூட்டுவது அதில் ஒன்று. முட்டை, பயறு, பால், நல்ல தூக்கம், மைதானத்தில் ஓட்டம் போதும். ரத்தசோகையோ எடைக்குறைவோ இருந்தால் அதற்கு வைத்தியம் பாருங்கள்.

நம்பிக்கை 4: கால்பந்து வீரர் மெஸ்ஸிக்குப் போட்ட ஊசியைப் போட்டால் சரியாகிவிடும்.

உண்மை: மெஸ்ஸிக்குச் சிறுவயதில் இருந்தது வளர்ச்சி ஹார்மோன் குறைபாடு, அது வேறு கதை. பருவம் தள்ளிப்போய், பையன் மனதளவில் நொந்திருந்தால், மருத்துவர் குறைந்த அளவு டெஸ்டோஸ்டிரோனைச் சில மாதங்களுக்குக் கொடுத்துத் தொடங்கிவைப்பதுண்டு. ஜிம்மில் யாரோ கைமாற்றும் ஸ்டீராய்டு ஊசியும் அதுவும் ஒன்றல்ல. அளவு மீறிய ஸ்டீராய்டு வளர்ச்சித் தட்டுகளைச் சீக்கிரமே மூடிவிடும். வளர வேண்டியவன் வளராமலே நின்றுபோவான்.

நம்பிக்கை 5: கைப்பழக்கம்தான் காரணம்.

உண்மை: சுயஇன்பத்துக்கும் உயரத்துக்கும் சம்பந்தமே இல்லை. லாட்ஜில் ரூம் போட்டு ‘இளைஞர்களே’ என்று அழைக்கும் வைத்தியர்களின் பிழைப்பே இந்தப் பயத்தில்தான் ஓடுகிறது. சுவரொட்டி சொல்வதற்கு முன் அப்பா சொல்லிவிட வேண்டிய விஷயம் இது.

நம்பிக்கை 6: எல்லாம் தானாகச் சரியாகும்; டாக்டர் எதற்கு?

உண்மை: பல வீடுகளில் இது பலித்துவிடும். பலிக்காத வீடுகளும் உண்டு. தைராய்டு குறைபாடு, குடல் நோய், தலசீமியா போன்றவையும் பருவத்தைத் தள்ளிப்போடும். பிறவியிலேயே வாசனை தெரியாத பையனுக்குப் பருவமும் வரவில்லையென்றால் அது ‘கால்மன்’ கோளாறாக இருக்கலாம். ஓர் ஆண்டில் 4 செ.மீ. கூட வளரவில்லை, தொடங்கிய பருவம் பாதியில் நின்றுவிட்டது, அடிக்கடி தலைவலி, பார்வை மங்கல், எடை இறக்கம் என்றால் காத்திருக்கக் கூடாது. குழந்தை நல மருத்துவரிடம் தொடங்குங்கள். தேவைப்பட்டால் அவரே ஹார்மோன் நிபுணரிடம் அனுப்புவார்.

நம்பிக்கை 7: உருவம் சிறுசு, அவன் சின்னப் பிள்ளைதான்.

உண்மை: உடம்பு பின்தங்கினால் மூளையும் பின்தங்கியது என்று ஆகாது. 15 வயதுக்காரனைக் குட்டித் தம்பிகளோடு உட்காரவைப்பதும், ‘உனக்குத் தெரியாது’ என்று வாயை அடைப்பதும் உயரக் குறைவைவிட அதிகமாக வலிக்கும். பேங்குக்கு அனுப்புங்கள், தனியாகப் பஸ் ஏறவிடுங்கள், வீட்டு வரவுசெலவில் கருத்துக் கேளுங்கள். பள்ளியில் யாராவது கேலி செய்தால், அவனிடம் கேட்டுவிட்டு ஆசிரியரிடம் பேசுங்கள். உயரத்தைப் பார்க்காத சதுரங்கம், நீளோட்டம், தபலா என்று ஏதாவது ஒன்று அவன் கையில் இருக்கட்டும்.

6 மாதத்துக்கு ஒருமுறை வெறுங்காலில், குதிகால் சுவரில் படும்படி நிறுத்தி, தலைமேல் புத்தகத்தை மட்டமாக வைத்துப் பென்சிலால் கோடு போட்டு, தேதியை எழுதிவையுங்கள். மருத்துவரிடம் போகும்போது அந்தக் கணக்கை எடுத்துப்போங்கள். ஒரு நாள் உயரத்தைவிட அவருக்கு அதுதான் உதவும். 14 தாண்டியும் எந்த மாற்றமும் தெரியவில்லையென்றால் ஒரு தடவை காட்டிவிடுங்கள். அதுவரை அவன் காதுபட யாரோடும் அவனை ஒப்பிட்டுப் பேசாதீர்கள்.