மடக்குக்கத்தி முதலில் தளர்வது எங்கே?

"எஃகு ஏன் உறுதியானது?" என்று வகுப்பில் கேட்டால், "கடினமாக இருப்பதால்" என்ற விடை உடனே வரும். கடினத்தன்மை வேறு, முறியாமல் தாங்கும் தன்மை வேறு. இதை விளக்க நான் எடுத்துக்கொள்ளும் பொருள் மடக்குக்கத்தி. கத்தி வகுப்பறைக்குள் வரவே வேண்டாம். கரும்பலகையில் பெரிதாக ஒரு படம் வரைந்தால் போதும்.

படத்தில் மூன்று பகுதிகள் தெளிவாகத் தெரிய வேண்டும்: அலகு, அது சுழலும் ஆணி, பிடியின் முதுகில் உள்ள வில்தகடு. சாதாரண மடக்குக்கத்தியில் பூட்டு கிடையாது. அலகின் அடியை வில்தகடு அழுத்திப் பிடித்திருக்கும், அவ்வளவே. முதுகுப்புறம் அழுத்தினால் அலகு விரல்களின் மேல் மடங்கிவிடும். வீட்டிலும் தோட்டத்திலும் கத்தி பிடிக்கும் பிள்ளைகளுக்கு இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அடுத்தது கணக்கு. பத்தாம் வகுப்பில் விசையின் திருப்புத்திறன் நடத்தும்போது இது நன்றாகப் பொருந்துகிறது. தடித்த கயிற்றை அறுக்கும்போது, ஆணியிலிருந்து 6 செ.மீ. தொலைவில் கூர்விளிம்பின் மீது 50 நியூட்டன் விசை செயல்படுவதாகக் கொள்வோம். திருப்புத்திறன் 3 நியூட்டன் மீட்டர். அதை எதிர்த்து நிற்பது அலகின் அடி வில்தகட்டில் முட்டும் இடம். அது ஆணியிலிருந்து 5 மி.மீ. தொலைவில் இருந்தால், அங்கே விழும் விசை 600 நியூட்டன்! ஏறத்தாழ 60 கிலோகிராம் நிறையுள்ள ஒருவரின் எடை, அரிசிமணி அளவுள்ள இடத்தில் இறங்குகிறது. கூர் மழுங்கினால் தீட்டிக்கொள்ளலாம். மூட்டு தேய்ந்தால் என்ன செய்வது? டப்பா மூடியை நெம்பும்போது விசை பக்கவாட்டில் விழுவதால் பிடியின் தகடுகள் விரிந்து அலகு ஆடத் தொடங்கும். மணல் புகுந்தால் தேய்மானம் இன்னும் வேகமாகும். ஆணியில் ஒரு சொட்டு எண்ணெய் விடுவது எதற்கு என்று நான் விளக்குவதற்குள் மாணவர்களே சொல்லிவிடுவார்கள்.

அப்படியானால் எல்லாப் பகுதிகளையும் மிகக் கடினமாகச் செய்துவிடலாமே? சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ் கத்தியைப் பாருங்கள். கார்ல் எல்சனர் 1897இல் பதிவு செய்த அதிகாரிகளுக்கான கத்தியின் வழியில் வந்தது அது. அதன் அலகின் கடினத்தன்மை ராக்வெல் அளவில் 56, திருப்புளி 52, வில்தகடு 49. கூர் நிற்க வேண்டிய அலகு கடினமாகவும், ஒவ்வொரு முறையும் வளைந்து மீள வேண்டிய வில் சற்று மென்மையாகவும் இருக்கின்றன. வில்லையும் அலகளவு கடினமாக்கினால் அது விரைவில் முறியும் வாய்ப்பு அதிகம். கடும் உழைப்பைத் தாங்கும் கத்தியின் சூட்சுமம் இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

இதைக் கண்ணால் காட்ட மூன்று தையல் ஊசிகள் போதும். ஆசிரியர் மட்டுமே செய்ய வேண்டிய சோதனை இது. பாதுகாப்புக் கண்ணாடி அவசியம். மூன்றையும் குறட்டால் பிடித்து, ஒவ்வொன்றாகச் சுடரில் செந்நிறமாகும்வரை சூடாக்க வேண்டும். முதல் ஊசியைச் சுடரிலிருந்து மெல்ல விலக்கி ஆறவிட்டால், பிறகு கம்பிபோல் வளையும், வளைந்தபடியே நிற்கும். இரண்டாவதை உடனே நீரில் அமிழ்த்த வேண்டும். மெல்லிய ஊசி நொடியில் ஆறிவிடும் என்பதால் நீர்க்கிண்ணம் சுடரின் பக்கத்திலேயே இருக்கட்டும். அதைத் துணியால் மூடி வளைத்தால் பட்டென்று ஒடியும். மூன்றாவதையும் நீரில் அமிழ்த்தி, ஒரு மரப்பலகையில் வைத்து உப்புத்தாளால் மெல்லத் தேய்த்துப் பளபளப்பாக்கி, சுடருக்கு மேலே சற்று உயரத்தில் மீண்டும் சூடாக்குங்கள். வைக்கோல் நிறம், பழுப்பு, ஊதா, பின் நீலம் என நிறங்கள் வரும். நீலம் ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸில் தோன்றும். அப்போதே எடுத்துவிட வேண்டும். இந்த ஊசி ஓரளவு வளைந்து, விட்டதும் நிமிரும்.

மூன்று ஊசிகளையும் ஓர் அட்டையில் ஒட்டி, அலகுக்கு எது, வில்லுக்கு எது என்று எழுதச் சொல்கிறேன். அலகுக்கு இரண்டாவதைத் தேர்ந்தெடுக்கும் மாணவரிடம் கேட்க ஒரே ஒரு கேள்விதான் இருக்கிறது: "கத்தி கல்தரையில் விழுந்தால்?"